முள் கத்தரியும் தொழுநோய்க் கிருமியும்: பரிணாமம் பற்றிய வாதத்தில் எங்கே தடுக்கி விழுகிறோம்?

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பயன்படும், பத்தாம் வகுப்புக்கான என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்று இருந்த பாடம், 2023இல் வந்த பதிப்பில் ‘மரபுவழி’ என்று மட்டும் நின்றது. பரிணாமம் பற்றிய பக்கங்கள் எடுக்கப்பட்டுவிட்டன. கொரோனா காலத்தில் மாணவர்களின் பாடச்சுமையைக் குறைக்கவென்று தொடங்கிய நீக்கம் அது. அந்த ஆண்டு ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2018 ஜனவரியில், மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் சொன்னது அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனானதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று பேசியிருந்தார். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து அதை மறுத்தன.

வாதம் அதோடு ஓயவில்லை. ஆசிரியர் அறையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அதே நான்கு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. “வெறும் தியரிதானே?” “குரங்கு மனுஷனாச்சுன்னா இன்னும் குரங்கு ஏன் இருக்கு?” “யார் பார்த்தது?” “நம்ம முன்னோர் இதையெல்லாம் அப்பவே சொல்லலியா?” நான்குமே நியாயமான கேள்விகள். கேட்டவரைக் கிண்டல் செய்து அனுப்புவது பதிலாகாது. நான்கும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன என்பது என் கருத்து. மாறுவது ஒரு தனி உயிர் என்று நினைத்துக்கொள்கிறோம். மாறுவது கூட்டம். இதைப் புரிந்துகொள்ள டார்வின் போன காலபகஸ் தீவு வரை போக வேண்டியதில்லை. இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாகிவிட்ட பழைய வட ஆற்காட்டுக்குள்ளேயே போதுமான சான்றுகள் கிடக்கின்றன.

முதலில் சொற்கள்

பரிணாமம் என்பது, ஓர் உயிரினக் கூட்டத்தின் மரபுப் பண்புகள் தலைமுறை தலைமுறையாக மாறுவது. இந்த வரையறையில் ‘கூட்டம்’, ‘மரபு’, ‘தலைமுறை’ ஆகிய மூன்று சொற்களில் எதை எடுத்தாலும் பொருள் கெட்டுவிடும்.

அந்த மாற்றம் நடக்கும் முக்கியமான வழி இயற்கைத் தேர்வு. அதற்கு மூன்று நிபந்தனைகள் போதும்.

1. வேறுபாடு. கூட்டத்தில் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருக்கக் கூடாது. மரபணு நகலாகும்போது நேரும் எழுத்துப்பிழைகள்தான் இந்த வேறுபாட்டின் ஊற்று. பாடநூல் இதைச் சடுதிமாற்றம் என்கிறது.

2. மரபுவழி. அந்த வேறுபாடு பிள்ளைக்குப் போக வேண்டும். வெயிலில் உழைத்துக் கறுத்த தோல் பிள்ளைக்குப் போவதில்லை. பிறவி நிறம் போகிறது.

3. பெருகுவதில் ஏற்றத்தாழ்வு. அந்த வேறுபாட்டால் சிலருக்குச் சந்ததி கூடவும் சிலருக்குக் குறையவும் வேண்டும்.

மூன்றும் ஓரிடத்தில் கூடிவிட்டால் கூட்டம் மாறாமல் இருக்க வழியே இல்லை. ‘தேர்வு’ என்ற சொல் மட்டும் சற்றே ஏமாற்றும். யாரோ மேசை போட்டு உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதுபோலத் தோன்றும். அப்படி யாரும் இல்லை. பிழைத்துப் பெருகியது எஞ்சியது, அவ்வளவுதான்.

இலவம்பாடியின் முள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியின் முள் கத்தரிக்குப் பெரிய பேர் உண்டு. 2023இல் வேலூர் முள் கத்தரி என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்தது. சந்தையில் தெரியாதவர் அதைக் காம்பைப் பிடித்து எடுத்தால் விரலில் சுருக்கென்று ஏறும். காம்பில் முள், காயின் தலையை மூடியிருக்கும் பச்சைக் குல்லாயில் முள், இலையைத் திருப்பினால் நடுநரம்பில் முள். அறுவடைக்குப் போகிறவர்கள் பார்த்துப் பார்த்துத்தான் பறிக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் மற்றக் கத்தரிகளில் ஏன் முள் இல்லை? இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏனென்றால் கத்தரியின் காட்டு மூதாதை முள்செடி. முள் இருப்பது பழைய நிலை, இல்லாததுதான் புதியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உழவர்கள் விதைக்கென்று காயைச் செடியிலேயே பழுக்க விடும்போது, கையைக் குத்தாத செடிகளாகப் பார்த்து விட்டிருக்கிறார்கள். அந்த விதைகள் அடுத்த ஆண்டு வயல் முழுவதும் பரவின. எந்த ஒரு செடியும் தன் முள்ளை உதிர்த்துக்கொள்ளவில்லை. முள்செடியின் விதை குறைந்தது, முள்ளில்லாச் செடியின் விதை கூடியது, வயல் மாறியது.

மரபணு அளவில் என்ன நடந்தது என்பதும் இப்போது தெரியும். தாவரங்களில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தயாரிக்க உதவும் மரபணுக்களில் ஒன்று முள் முளைப்பதற்கும் பொறுப்பு. அந்த ஒன்று கெட்டுப்போனால் முள் வராது, செடிக்கு வேறு பெரிய சேதமும் இல்லை. கத்தரியிலும் அதன் உறவினங்கள் சிலவற்றிலும் தனித்தனியாக, வெவ்வேறு காலத்தில், இதே மரபணு உடைந்திருப்பதை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. இலவம்பாடிக்காரர்கள் ருசியை நம்பி, முள்ளோடு இருந்த வகையையே காப்பாற்றி வைத்தார்கள். முள் வேண்டாம் என்றதும் தேர்வு, முள் இருந்தாலும் பரவாயில்லை என்றதும் தேர்வு. மனிதர் செய்வதால் இதற்குச் செயற்கைத் தேர்வு என்று பெயர். டார்வின் தன் 1859ஆம் ஆண்டு நூலை இத்தகைய வீட்டு வளர்ப்பு உயிர்களிலிருந்துதான் தொடங்கினார், அவருக்கு அங்கே புறா கிடைத்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும். வேலியோரத்துத் தூதுவளை, தரையோடு படரும் கண்டங்கத்தரி, கத்தரி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றுக்கும் ஊதா நிற ஐந்து முனைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தப் பை, முள். மூன்றும் ஒரே பேரினம். தூதுவளையிலிருந்து கத்தரி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு மூதாதை இருந்தது, அது இன்று இல்லை. கத்தரி இருப்பதனால் தூதுவளை அழிந்துபோயிருக்க வேண்டும் என்றும் யாரும் கேட்பதில்லை.

ஆறு மாறுகிறது, ஆனால் பரிணமிப்பதில்லை

‘எல்லாமே மாறிக்கிட்டுத்தானே இருக்கு’ என்று பொதுப்படையாகச் சொல்லிவிட்டால் குழப்பம் கூடும். இயற்கையில் மாற்றம் பல வகை. பாலாற்றங்கரையில் நின்றே அவற்றைப் பிரித்துக்கொள்ளலாம்.

1. உயிரில்லாதவற்றின் மாற்றம். பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாக 348 கி.மீ. கடந்து வயலூர் அருகே கடலைச் சேர்கிறது. முற்காலத்தில் அது வடகிழக்காகத் திரும்பி இன்றைய கொசஸ்தலை ஆற்றின் வழியாக ஓடியது என்பது புவியியலாளர் கருத்து. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரோடு தொடர்புடைய அந்த ஆற்றுக்கு ‘விருத்த க்ஷீர நதி’, அதாவது முதிய பாலாறு என்றே ஒரு பழம்பெயர் உண்டு. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு 2021 நவம்பரில் கரைபுரண்டது. மாற்றம் பெரியதுதான். ஆனால் ஆறு குட்டி போடுவதில்லை, தன் பண்பைச் சந்ததிக்குக் கொடுப்பதில்லை. இரண்டாம் நிபந்தனை இல்லை. இது பரிணாமம் ஆகாது.

2. ஓர் உயிரின் வளர்ச்சி. தலைப்பிரட்டை தவளையாகிறது. கண்ணெதிரே நடக்கும் பெரிய மாற்றம். ஒரே தலைமுறைக்குள் முடிந்துவிடுவதால் இதுவும் பரிணாமம் அல்ல.

3. ஓரிடத்தில் யார் வாழ்கிறார்கள் என்ற மாற்றம். நாணல் நின்ற படுகையைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொள்கிறது. சூழலமைப்பு மாறியது. அதனால் மற்ற உயிர்களின் மேல் புதிய தேர்வு அழுத்தம் வரலாம், ஆனால் இடம்பிடித்தல் மட்டும் பரிணாமம் ஆகாது.

4. கூட்டத்தின் மரபு மாற்றம். இதுதான் பரிணாமம்.

இந்த நான்காவதும் பாலாற்றுப் படுகையில் நடக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலின் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது சட்ட மாணவர்களுக்குத் தெரியும். அந்த வழக்கு மனிதர்களின் கிணறுகளையும் நிலங்களையும் பற்றியது. மண்ணுக்குள் இன்னொன்று நடந்தது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகத்தின் நச்சு வடிவம் பெரும்பாலான பாக்டீரியாக்களைக் கொல்லும். ஆனால் தோல் கழிவு கலந்த மண்ணையும் நீரையும் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால், அந்த நச்சைத் தாங்கும் பாக்டீரியாக்கள் கிடைக்கின்றன. உள்ளே வரும் குரோமேட்டை, அதாவது அந்த நச்சை, வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு புரதம் சிலவற்றிடம் இருக்கிறது, சிலவற்றிடம் நச்சை வீரியம் குறைந்த வடிவமாக மாற்றும் நொதி இருக்கிறது. இறைக்கும் புரதத்துக்கான மரபணு பல சமயம் ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். அதைப் பக்கத்துப் பாக்டீரியாவுக்கு நகலெடுத்துக் கொடுக்கவும் முடியும். ஆறு மாறியது, பாக்டீரியாக் கூட்டம் பரிணமித்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பக் கூடாது.

“உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு”

மாத்திரை கேட்கவில்லை என்றால் நம் பக்கம் சொல்லும் வாக்கியம் இது. சொல்பவர் காண்பது உண்மை, சொல்லும் காரணம்தான் தவறு. பெரும்பாலும் பழகியது உடம்பு அல்ல. கிருமி ஒவ்வொன்றும் பழகிக்கொண்டதும் இல்லை. கிருமிக் கூட்டத்தில் ஆள் மாறிவிட்டது.

மருந்துதான் எதிர்ப்பை உண்டாக்குகிறதா, இல்லை ஏற்கெனவே இருந்த எதிர்ப்பாளர்களை மிச்சம் வைக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி 1952இல் வெல்வெட் துணி ஒன்றை வைத்து விடை கண்டார்கள். எளிமையில் அதை மிஞ்சிய சோதனைகள் குறைவு என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

வட்டத் தட்டில் ஊட்டப்பொருள் பரப்பி, பாக்டீரியாவைத் தெளித்து வைத்தால் மறுநாள் புள்ளி புள்ளியாகக் குடியிருப்புகள் முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே தாயின் வம்சம். தட்டின் அளவுக்கு ஒரு மரக்கட்டை, அதன் முகத்தில் இறுக்கிக் கட்டிய வெல்வெட். அதைத் தட்டின் மேல் மெல்ல ஒற்றி எடுத்தால், ரப்பர் ஸ்டாம்பில் மை ஒட்டுவதுபோல ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதை, ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த புதிய தட்டுகளில் அடுத்தடுத்து ஒற்றினார்கள். பெரும்பாலானவை செத்தன. ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் பிழைத்தன. எல்லாத் தட்டுகளிலும் அதே இடத்தில் பிழைத்தன.

மருந்துதான் எதிர்ப்பை உண்டாக்கியது என்றால் தட்டுக்குத் தட்டு வெவ்வேறு இடத்தில் புள்ளி வந்திருக்க வேண்டும். அவர்கள் முதல் தட்டுக்குத் திரும்பி, அதே இடத்துப் புள்ளியை எடுத்துச் சோதித்தார்கள். மருந்தின் வாசனையே படாத அந்த வம்சம் மருந்தைத் தாங்கியது. எதிர்ப்பு முன்பே இருந்தது. மருந்து அதைப் பொறுக்கி எடுத்தது.

எப்படி முன்பே இருக்கும்? கணக்குப் போட்டால் தெரியும். சாதகமான சூழலில் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒன்று, பத்து மணி நேரத்தில் 107 கோடியைத் தாண்டும். ஏறத்தாழ ஆயிரம் பிரிவுக்கு ஒன்றில் எழுத்துப்பிழை விழும் என்றாலும், காலைக்குள் பல லட்சம் பிழைகள் கூட்டத்தில் சேர்ந்துவிடும். பெரும்பாலானவை உதவாதவை. ஒன்று உதவினால் போதும்.

வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும்போதும் இந்தத் தேர்வு நடக்கிறது. மருந்துக்குச் சளி வைரஸ் மசியாது. குடலிலும் தொண்டையிலும் சும்மா குடியிருந்த பாக்டீரியாக்களில் சாதுவானவை சாகும், மருந்தைத் தாங்குபவை காலியான இடத்தில் பெருகும். அடுத்த மாதம் உண்மையான தொற்று வரும்போது அவை தங்கள் மரபணு வளையத்தை அதற்குக் கொடுக்கலாம்.

கரிகிரியும் மூன்று மருந்துகளும்

வட ஆற்காடு ஒரு காலத்தில் தொழுநோய் மிகுந்த மாவட்டம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் நோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியது இங்கேதான். கரிகிரியில் தொழுநோய்க்கான ஆராய்ச்சி, பயிற்சி மையம் 1955இல் வந்ததும் இந்த நோய்ச்சுமையால்தான். பரிணாமத்தை மருத்துவம் எப்படிக் கணக்கில் எடுத்தது என்பதற்குத் தொழுநோயைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியவில்லை.

1940களில் டாப்சோன் வகை மருந்து வந்தபோது அது வரமாகத் தெரிந்தது. விலை மலிவு, வாயில் போடும் மாத்திரை. ஆண்டுக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுக்க, அந்த ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். தொழுநோய்க் கிருமி மிக மந்தமானது, ஒன்று இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். அதனால் எதிர்ப்பும் மெல்லத்தான் தலைகாட்டியது. ஆய்வகத் தட்டில் வளராத கிருமி என்பதால் எலியின் பாதத்தில் வளர்த்துத்தான் சோதிக்க முடியும். அப்படிச் சோதித்து, டாப்சோன் எதிர்ப்பை 1964இல் உறுதிசெய்தார்கள். அதன்பின் பல நாடுகளில் அது பெருகியது. 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு ஒற்றை மருந்தைக் கைவிட்டு, டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் சேர்ந்த கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

ஏன் கூட்டு? அதன் கணக்கு காசநோய்க் கிருமியில் துல்லியமாகத் தெரிந்தது. அதை வைத்தே பார்க்கலாம்.

1. ஐசோநியாசிட் மருந்தைத் தற்செயலாகத் தாங்கும் கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று.

2. ரிஃபாம்பிசினைத் தாங்குவது ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று.

3. நுரையீரலில் ஒரு குழிப்புண்ணில் ஒரு கோடியிலிருந்து 100 கோடி கிருமிகள் வரை இருக்கலாம். ஐசோநியாசிட் மட்டும் கொடுத்தால், சிகிச்சை தொடங்கும் நாளிலேயே அதைத் தாங்கும் பத்து முதல் ஆயிரம் கிருமிகள் அந்தப் புண்ணில் காத்திருக்கும்.

4. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் கிருமி வேண்டுமென்றால் இரண்டு வாய்ப்புகளையும் பெருக்க வேண்டும், அதாவது 100 லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமிகள் எந்த நோயாளியின் உடலிலும் இல்லை.

ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும் என்பதுதான் இதன் சாரம். இடையில் ஒரு மருந்தை மட்டும் விட்டுவிட்டுப் போட்டால் கணக்கு மறுபடி மூன்றாம் வரிக்குத் திரும்பிவிடும். தொழுநோய் மாத்திரை அட்டை அதனால்தான் 28 நாள் நாட்காட்டிபோல அச்சிடப்பட்டது. முதல் நாள் பெரிய வேளையைச் சுகாதாரப் பணியாளரின் கண்முன் விழுங்க வேண்டும், மற்ற நாட்களில் வீட்டில். குளோஃபாசிமின் தோலைச் செம்பழுப்பாகக் கறுக்க வைக்கும். அந்த நிறத்தைப் பார்த்து ஊர் கண்டுபிடித்துவிடும் என்று அஞ்சி மாத்திரையை ஒளித்து வைத்தவர்களையும் சேர்த்துத்தான் அந்த அட்டை யோசித்தது. 2005 இறுதியில் தேசிய அளவில் தொழுநோய் 10,000 பேருக்கு ஒருவர் என்ற எல்லைக்குக் கீழே வந்தது.

பரிணாமம் என்றால் முன்னேற்றமா?

இல்லை. அதையும் இதே கிருமி சொல்கிறது. தொழுநோய்க் கிருமியின் முழு மரபுத்தொகுதி 2001இல் வெளியானது. அதற்குப் பயன்பட்ட வகையின் பெயர் ‘டி.என்.’. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்ததால் அந்தப் பெயர். உள்ளே பார்த்தபோது கிடைத்தது ஒரு பாழடைந்த வீடு. வேலை செய்யும் மரபணுக்கள் 1,604, உடைந்து செயலிழந்தவை 1,116. நெருங்கிய உறவான காசநோய்க் கிருமியிடம் ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் வேலை செய்கின்றன.

பம்புசெட் வந்தபின், மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தை யாரும் பழுதுபார்க்கவில்லை. சால் ஓட்டையானது, வடம் இற்றது, ஒருநாள் கிணற்றடியில் கல்தூண் மட்டும் நின்றது. தொழுநோய்க் கிருமிக்கு மனித உடலின் உயிரணுக்களே பம்புசெட். தேவையானதில் பெரும்பகுதி உள்ளேயே கிடைப்பதால், அதைத் தானே தயாரிக்கும் மரபணுக்கள் உடைந்தபோது உடைந்த வம்சத்துக்கு நட்டமில்லை. நட்டமில்லாத உடைசல் கூட்டத்தில் பரவியது. இன்று ஆய்வகத் தட்டில் அது தனியே வளர மறுப்பதற்கு இதையே காரணமாகக் கருதுகிறார்கள். படிக்கட்டில் கீழிருந்து மேலே ஏறும் படத்தைப் பரிணாமம் என்று வரைந்து காட்டுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அது பெருக்கலாம், கழிக்கலாம், கிளை பிரியலாம்.

அப்படியானால் குரங்கு ஏன் இருக்கிறது?

தூதுவளை ஏன் இருக்கிறதோ அதே காரணம்தான். மனிதன் இன்றைய குரங்கிலிருந்து வரவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு கூட்டம். அது இரண்டாகப் பிரிந்தது, இரண்டும் தத்தம் வழியில் மாறின. காட்பாடி ரயிலடியில் பையைப் பிடுங்கும் குரங்கின் கிளை அதற்கும் வெகு முன்பே பிரிந்தது.

கூட்டம் எப்படிப் பிரியும்? ஏலகிரி, சவ்வாது மலை, செஞ்சிப் பக்கத்துப் பக்கமலை, அப்பால் பச்சைமலை. சமவெளி என்னும் கடலில் இவை தீவுகள். ஈரமான பாறை இடுக்கில் வாழும் சிறு பல்லிக்கு நடுவிலுள்ள வெயில் காயும் நிலம் கடக்க முடியாதது. மலைக்கு மலை கலப்பு நின்றுவிட்டால் அந்தந்த மலையின் பிழைகள் அந்தந்த மலையிலேயே சேரும். நீண்ட காலம் போனால் தனிச் சிற்றினம். ஏலகிரி, பச்சைமலை, பக்கமலை என மலையின் பெயரையே தாங்கிய பாறைப்பல்லிச் சிற்றினங்கள் 2022இல் விவரிக்கப்பட்டன.

மனித வம்சத்தின் சான்று முதிய பாலாற்றின் கரையிலேயே இருக்கிறது. கொசஸ்தலைப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தை 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்தார். அங்கே கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011இல் வெளியான காலக்கணிப்பு காட்டியது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகளுக்கு வயது 3 லட்சம் ஆண்டு அளவில்தான். ஆக அந்தக் கல்லை இருபக்கமும் செதுக்கிய கை நம் இனத்தின் கை அல்ல. நம் உறவின் கை.

எலும்பைத் தேடி வேலூர் மலைகளில் அலைய வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரைச் சூழ்ந்த பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழையவை, பூமியின் ஆழத்தில் வெந்து உருவானவை. புதைபடிவம் பார்க்க அரியலூர்தான் போக வேண்டும்.

தொல்காப்பியமும் சிவபுராணமும்

முன்னோர் சொன்னதைப் பற்றிய கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். தொல்காப்பியத்தின் மரபியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவு என்று தொடங்கி, நத்தை வகை ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, விலங்கு ஐந்தறிவு, மக்கள் ஆறறிவு என்று வகுக்கிறது. புலனை அளவுகோலாகக் கொண்டு உயிர்களை அடுக்கியது கூர்மையான பார்வை. ஆனால் அது வகைப்பாடு. எறும்பிலிருந்து நண்டு வந்ததென்று தொல்காப்பியர் சொல்லவில்லை. சொல்லாததை அவர்மேல் ஏற்றுவது அவருக்குப் பெருமை சேர்க்காது.

மாணிக்கவாசகரின் ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்ற அடி இன்னும் அடிக்கடி மேற்கோளாகிறது. அங்கே பயணம் போவது ஓர் ஆன்மா. ஒரே ஆன்மா பிறவி பிறவியாக உடல் மாற்றி எல்லாப் பிறப்பும் பிறந்து இளைக்கிறது. பரிணாமத்தில் பயணம் போக ஒரு தனியாள் இல்லை, கூட்டமே உண்டு. ஒன்று பக்தனின் முறையீடு, மற்றது விதைக்கணக்கு. இரண்டையும் தத்தம் இடத்தில் வைத்தால் மோதல் வராது.

‘வெறும் தியரி’

பேச்சுத்தமிழில் தியரி என்றால் செய்முறைக்கு எதிர்ப்பதம், அல்லது ஊகம். அறிவியலில் ஊகத்துக்குக் கருதுகோள் என்று பெயர். பல சான்றுகளைக் கோத்து விளக்கி, தவறென்று காட்டும் சோதனைகளைத் தாண்டி நிற்பது கோட்பாடு. கிருமியால் நோய் வருகிறது என்பதும் அந்த வகைக் கோட்பாடே.

யாராவது நேரில் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் 12 குடுவைகளில் ஈ.கோலையை வளர்க்கத் தொடங்கி, 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறைய வைத்தார். ஏறத்தாழ 31,500ஆம் தலைமுறையில் ஒரே ஒரு குடுவையில், காற்றுள்ள சூழலில் சிட்ரேட்டை உணவாக்கும் திறன் தோன்றியது. ஈ.கோலைக்கு வழக்கமாக அது முடியாது. உறைந்த மூதாதைகளை எழுப்பிப் படிப்படியாக எது எப்போது வந்தது என்று பின்னோக்கிப் பார்க்கவும் முடிந்தது.

அறிஞர்களுக்குள் சண்டை இல்லையா? உண்டு. மூலக்கூறு அளவில் பெரும்பாலான மாற்றங்கள் தேர்வால் அல்ல, தற்செயலால் பரவுகின்றன என்று மோட்டூ கிமுரா 1968இல் வாதிட்டார். மாற்றம் சீராக வருகிறதா, நெடுங்காலம் தேங்கிப் பிறகு வேகமெடுக்கிறதா என்று 1972இல் எல்ட்ரெட்ஜும் கூல்டும் கிளப்பிய விவாதம் பல ஆண்டு ஓடியது. இவை எவ்வளவு, எவ்வளவு வேகம் என்ற சண்டைகள். நடந்ததா என்ற சண்டை அல்ல. முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது வேறு கேள்வி, அது வேதியியலோடு சேர்ந்த ஆய்வு. கடவுள் உண்டா என்பது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

பாடநூலில் இப்போது எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று தனிப் பாடமே உண்டு. என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலிலும் பரிணாமம் இருக்கிறது, ‘எடுக்கவில்லையே’ என்று சொல்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் பன்னிரண்டில் உயிரியல் விருப்பப்பாடம். பத்தாவதே எல்லோரும் அறிவியல் படிக்கும் கடைசி வகுப்பு.

சத்துவாச்சாரியில் ஒரே வீட்டில் அக்கா மாநிலப் பாடத்திட்டத்திலும் தம்பி சி.பி.எஸ்.இ.யிலும் படித்துவிட்டு, இருவரும் பதினொன்றில் வணிகவியல் எடுத்தால், அக்கா இந்தப் பாடத்தை ஒருமுறை படித்திருப்பாள். 2023 நூலைப் படித்த தம்பி, கிருமிக் கூட்டம் எப்படி மாறுகிறது என்பதை வகுப்பறையில் ஒருமுறைகூடக் கேட்காமல், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கும் வயதுக்கு வந்துவிடுவான்.